நீலக்குடை போட்ட கதவு

இல்லத் தங்கச்சி, சிற்றி ஒவ்வீசில இருந்து வரேல்ல. சத்தியமா இல்ல. அந்தப் போனை ஒருக்கா உள்ள வையுங்கோ, பொலிசுக்கு அடிக்கிற அளவுக்கு நான் ஒண்டும் செய்யேல்ல. வீட்டைப் படம் எடுத்தனான் தான், அதை இல்லையெண்டு சொல்லேல்ல. றோட்டில நிண்டு தான் எடுத்தனான், உங்கட வளவுக்குள்ள ஒரு கால் வைக்கேல்ல. இந்தாங்கோ, நீங்களே பாருங்கோ. உங்கட முகம் விழேல்ல, குப்பைப் பெட்டி தான் விழுந்திருக்கு.

நிலத்துக்குக் கீழ இருக்கிற பேஸ்மன்ற்றை வாடகைக்கு விடப் பெர்மிற் இருக்கோ எண்டு பாக்கிற ஆளும் இல்ல. எனக்கு விளங்குது, ஒருத்தன் வீட்டுக்கு முன்னால நிண்டு படம் எடுத்தால் இஞ்ச எல்லாருக்கும் முதல்ல உந்தப் பயம் தான் வரும். ஆனா என்னைப் பாருங்கோவன், சிற்றி ஆக்கள் உப்பிடிப் பழஞ்சப்பாத்தோட காரில சாஞ்சுகொண்டு நிப்பினமோ? முழங்கால் தங்கச்சி. வலது முழங்கால், கன நேரம் நிக்க விடாது. உங்கட படியில கொஞ்சம் இருக்கட்டோ? நல்லது. கதவு நிலையில மாவிலைத் தோரணத்தைக் கண்ட உடனயே நினைச்சனான், நல்ல காலம் எங்கட ஆக்கள் எண்டு. வெள்ளையள் எண்டால் இவ்வளவுக்குப் பொலிஸ் வந்திருக்கும்.

என்ர பேர் அமிர்தநாதர். மார்க்கம் றோட்டுப் பக்கம் அப்பாட்மென்ற்றில இருக்கிறன். மிசிசாகாவில எயார்போட் காகோவில கன வருசம் வேலை செய்து, இப்ப பென்சனில நிக்கிறன். நிக்கிறன் எண்டாலும் சும்மா இல்ல. நான் மேப் கீறுற ஆள்.

ஓம், மேப். நீங்கள் காரில போகேக்க போனில போடுறனீங்கள் எல்லோ, இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு எண்டு சொல்லுமே. அதெல்லாம் ஏதோ கொம்பனி கீறுது எண்டு நினைச்சுக்கொண்டிருப்பியள். நாங்கள் கீறுற மேப் அப்பிடியில்ல, சனம் கீறுறது. என்னை மாதிரிச் சனம், வேலைவெட்டி முடிஞ்ச நேரத்தில இருந்து கீறுது. புதுசா ஒரு றோட்டுப் போட்டாங்கள் எண்டால் நாங்கள் போய்ப் பாத்து அதைக் கீறுவம். ஒரு பாலத்தைப் பூட்டினால் பூட்டியிருக்கு எண்டு போடுவம். சம்பளமோ? சல்லிக்காசு இல்ல. பேருக்குப் பக்கத்தில ஒரு மஞ்சள் நட்சத்திரம் விழும். சிரிக்காதேங்கோ. அந்த நட்சத்திரத்துக்கு நான் எவ்வளவு குளிருக்குள்ள நிண்டிருக்கிறன் தெரியுமோ.

அதில கண்டபடி எல்லாரும் கீறேலாது, பதவியள் இருக்கு. புதுசா வாற ஆள் ஒரு சின்னக் கோடு கீறினாலும் அந்த இடத்துக்குப் பொறுப்பான ஆள் பாத்து ஓம் எண்டு சொன்னால் தான் அது மேப்பில ஏறும். அந்தப் பொறுப்பான ஆளுக்குப் பேர் ஏரியா மனேஜர். விக்ரோறியா பார்க் றோட்டில இருந்து கெனடி றோட்டு வரைக்கும், இந்த வெக்ஸ்போர்ட் முழுக்க, என்ர. ஓம், நீங்கள் இருக்கிற இந்தத் தெருவும் தான். பேந்து வழிகாட்டி எண்டு ஒரு பதவி, புது ஆக்களுக்குப் பழக்கிறது. எல்லாத்துக்கும் மேல மாகாணப் பொறுப்பாளர். எல்லாருக்கும் ஒரு சட்டம் தான், கண்ணால பாத்ததைத் தான் போடலாம். கேள்விப்பட்டதைப் போடேலாது, ஊகத்தில போடேலாது. நேரில போய் நிண்டு பாத்தனான் எண்டு ஒருத்தர் சாட்சி வைச்சிட்டு, அது பொய் எண்டு பிடிபட்டுதோ, பதவியைப் பறிச்சுப் போடுவாங்கள். இதை நான் சும்மா சொல்லேல்ல, நினைவில வைச்சிருங்கோ, பிறகு தேவைப்படும்.

தண்ணியோ? வேண்டாம் வேண்டாம். சரி, எடுத்த கையோட குடுங்கோ.

இரத்தினவேல் எண்டு ஒருத்தர் இருக்கிறார். நகரத்தின்ர மற்றப் பக்கம், ரெக்ஸ்டேலில அவற்ற ஏரியா. என்னிலும் பாக்க ரெண்டு வருசம் பிந்தி வந்தவர். ஆள் நல்ல உயரம், சேட்டு எப்பவும் அயன் பண்ணினது, இந்த வயசிலயும் லேக் கரையால ஓடுறவர். எழுதுற ஒவ்வொரு மெசேஜுக்குப் பின்னாலயும் ஒரு சிரிக்கிற மூஞ்சி போடுவார். ஒருத்தர் பிழையாக் கீறினால் நான் பிழை எண்டு எழுதுவன். அவர் என்ன எழுதுவார் தெரியுமோ? நல்ல முயற்சி, ஒருக்கா இப்பிடியும் பாப்பமோ எண்டு எழுதுவார். உதென்ன கதை? பிழை எண்டால் பிழை தானே. ஆனா சனத்துக்கு அது தான் பிடிக்குது. போன தையில அவரைத் தூக்கி மாகாணப் பொறுப்பாளரா வைச்சாங்கள். ஒன்ராறியோ முழுக்க. நான் அப்ப சுப்பர்மார்க்கற்றில நிண்டனான், போனில அறிவித்தலைப் பாத்துப்போட்டு வாங்க வந்த சாமானை விட்டிட்டு வீட்டை வந்திட்டன்.

எரிச்சல் தான். ஏன் மறைப்பான், வயிறு பத்தி எரிஞ்சது.

ஆனா அது பெரிசில்லத் தங்கச்சி. அதைத் தாங்கலாம். மற்றது தான் தாங்கேலாமப் போச்சு. நீலக்குடை எண்டு ஒரு ஆள். எங்கட கூட்டத்தில கன பேர் சொந்தப் பேரில வாறேல்ல, பட்டப்பேர் மாதிரி ஒண்டை வைச்சுக்கொண்டு தான் கீறுவினம். நீலக்குடை ஒரு பொம்பிளை. அவ முதல்ல என்னட்டத் தான் கேட்டவ, உதை எனக்கும் பழக்கிவிடுங்கோவன் எண்டு. நானும் ஓம் எண்டு சொல்லிக் காட்டினனான். ஆனா அவ சரியான ஆறுதல், எல்லாம் மெல்ல மெல்லத் தான். ஒரு கோட்டைக் கீறிப்போட்டு அதைப் பாத்துக்கொண்டிருப்பா. எனக்குப் பொறுமை கிடையாது, மௌஸை வாங்கி நானே கீறி முடிச்சிடுவன். ஆரெண்டாலும் அதைத் தானே செய்வினம்? வேலை முடியோணும் எல்லோ.

மௌஸை எப்பிடி வாங்கினனான் எண்டோ கேக்கிறியள்? அது... பக்கத்தில இருந்து தான் காட்டினனான். அதை விடுங்கோ.

ஒரு நாள் பாத்தால், கூட்டத்துக்குப் பொதுவான இணையப் பலகையில நீலக்குடை எழுதியிருக்கு. பழக்கிறதுக்கு ஒரு வழிகாட்டி தேவை, பொறுமையான ஆளா இருந்தால் நல்லம் எண்டு. பொறுமையான. அந்தச் சொல்லை அத்தனை பேரும் வாசிச்சாங்கள். அதுக்குக் கீழ முதல் ஆளாக் கையைத் தூக்கினது ஆர்? இரத்தினவேல். சிரிக்கிற மூஞ்சியோட.

அதுக்குப் பிறகு பாக்கோணும். நீலக்குடை றோட்டுக் கீறுறேல்ல. அவ போடுறது என்னெண்டால் வாங்கு. ஓம், ஆக்கள் குந்தி இருக்கிற பெஞ்ச், அந்த வாங்கு தான். எந்த பஸ் ஸ்ரொப்பில வாங்கு இருக்கு, எந்தப் பிளாசாவில வெளியாக்களைப் பாத்ரூமுக்கு விடுவினம், எந்த நடைபாதையில ஸ்னோ தள்ளாமல் விடுறாங்கள், எந்தக் கோயிலுக்குப் படி ஏறாமல் பக்கத்தால போகலாம். உதெல்லாம் ஒரு மேப்போ எண்டு நான் நினைச்சனான். என்ர ஏரியாவில போட்டதை எல்லாம் வேண்டாம் எண்டு திருப்பினனான், மற்ற ஏரியாக்காறர் ஓம் எண்டு ஏத்திவிட்டவை. லோறன்ஸ் றோட்டில ஒரு வாங்கு போட்டவ, நான் காரில போய்ப் பாத்தன், அங்க வாங்கு இல்ல. இல்ல எண்டு எழுதினன். பங்குனியில ஸ்னோ கரைஞ்ச பிறகு பாத்தால் வாங்கு கிடக்கு. ஸ்னோவுக்குள்ள புதைஞ்சு கிடந்தால் எனக்கு எப்பிடித் தெரியும்? கண்ணால பாத்ததைத் தானே நான் சொல்லலாம்.

சனம் எண்டால் அவவைத் தலையில தூக்கி வைச்சு ஆடுது. வயசுபோன ஆக்கள், வண்டிலில பிள்ளையைத் தள்ளிக்கொண்டு போற தாய்மார் எல்லாம் நன்றி நன்றி எண்டு எழுதீனம். எனக்கு இத்தனை வருசத்தில ஒருத்தர் நன்றி எழுதேல்ல. நெடுஞ்சாலையின்ர வெளியேறுற பாதை ஒண்டை மூண்டு தரம் திருத்தினனான், ஆராவது எழுதினவையோ? அவ ஒரு வாங்கைப் போட்டுப்போட்டுப் பேர் எடுக்கிறா. தேத்தண்ணியை ஊத்தி வைச்சிட்டுக் குடிக்க மறந்து போற மனிசி. காரைப் பின்னால எடுக்கத் தெரியாத மனிசி. றேடியோவை ஒரு அறையில போட்டுப்போட்டு மற்ற அறையில இருந்து கேக்கிற மனிசி. அவ எனக்கு மேப் படிப்பிக்கிறா.

உதெல்லாம் எனக்கு எப்பிடித் தெரியும் எண்டோ கேக்கிறியள்? கதைச்சுப் பழகினதில தெரியும் தங்கச்சி. கன காலம் கதைச்சிருக்கிறம்.

சரி, விசயத்துக்கு வாறன். உங்களை மினக்கெடுத்திறன். முந்தநாள் எனக்கு ஒரு விண்ணப்பம் வந்தது. நீலக்குடை வெக்ஸ்போர்ட்டில ஒரு கதவு போட்டிருக்கிறா. ஒரு வீட்டின்ர பேஸ்மன்ற் வாசல். நம்பரும் தெருவும் உங்கட வீடு தான். அதுக்குப் பக்கத்தில ஒரு குறிப்பு எழுதியிருக்கு, வாசிக்கிறன் கேளுங்கோ. முன் கதவைத் தட்ட வேண்டாம். வீட்டுக்குப் பக்கவாட்டால வரவும். படி கொஞ்சம் செங்குத்து. முழங்கால் ஏலாத ஆக்கள் இடப்பக்கக் கம்பியைப் பிடிச்சு, ஆறுதலா இறங்கவும். உது மேப்பில எழுதுற கதையோ? தபால்காறனுக்கு முழங்காலோ ஏலாது? சாமான் கொண்டு வாற பெடியங்களுக்கோ? இரத்தினவேலுக்கு நிச்சயமா இல்ல, அந்தாள் பதினெட்டு வயசுக்காறன் மாதிரி ஓடுது.

அதுக்குக் கீழ தான் விசயம். சாட்சி எண்ட இடத்தில, நேரில போய்ப் பாத்தனான், இரத்தினவேல் எண்டு கிடக்கு.

நேரில போய்ப் பாத்தவராம். ரெக்ஸ்டேலில இருக்கிற மனிசனுக்கு வெக்ஸ்போர்ட்டில, என்ர ஏரியாவில, ஒரு வீட்டின்ர பக்கவாட்டுக் கதவடியில என்ன வேலை? அதை வாசிச்ச நேரத்தில இருந்து எனக்குச் சாப்பாடு இறங்கேல்ல. நான் மறுமொழி போடாமல் விட்டால் அது மாகாணத்துக்குப் போகும். மாகாணம் ஆர்? அவர் தான். அவரே சாட்சி, அவரே தீர்ப்பு. அதால தான் இண்டைக்கு வெளிக்கிட்டு வந்தனான். எனக்கு உங்களிட்ட இருந்து ஒரே ஒரு மறுமொழி போதும். உங்கட வீட்டுக்குப் பக்கவாட்டில பேஸ்மன்ற் கதவு இருக்கோ, இல்லையோ?

இல்லையோ?

நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ. கதவும் இல்ல, பேஸ்மன்ற்றில ஆரும் வாடகைக்கும் இல்ல. சாமான் போட்டு வைச்சிருக்கிறியள், அவ்வளவு தான். சரி. சரி சரி.

தங்கச்சி, நீங்கள் இப்ப என்ன சொல்லிப்போட்டியள் எண்டு உங்களுக்குத் தெரியாது. அப்ப இரத்தினவேல் பொய்ச் சாட்சி வைச்சிருக்கிறார். அயன் பண்ணின சேட்டுக்காறன், நல்ல முயற்சி நல்ல முயற்சி எண்டு சனத்தைப் பேய்க்காட்டின மனிசன், இல்லாத கதவைப் பாத்தனான் எண்டு எழுதியிருக்கிறார். நான் இதை இப்ப, உங்கட படியில இருந்தபடியே அனுப்பினன் எண்டால், பொழுதுபடுறதுக்குள்ள அந்தாளின்ர பதவி போயிடும். நீலக்குடைக்கு ஒரு வழிகாட்டியும் இருக்காது. எல்லாருக்கும் தெரிய வரும், இந்தக் கூட்டத்தில கண்ணால பாத்துச் சொல்லுற ஆள் ஆரெண்டு. எழுதிறன் பாருங்கோ. வீட்டுக்காறரை நேரில விசாரித்தேன். கதவு கிடையாது. பேஸ்மன்ற்றில எவரும் குடியிருக்கவில்லை.

எவரும் குடியிருக்கவில்லை.

இல்ல, கை விறைச்சுப் போச்சு, அது தான் நிப்பாட்டினனான். வெயில் அடிச்சாலும் குளிர் போகேல்ல, என்ன. ஒண்டு கேக்கட்டோ. ஆரும் இல்லையோ? முந்தியும் இருக்கேல்லயோ? இந்த ஆறு மாசத்துக்குள்ள, ஒரு பொம்பிளை, கட்டையான ஆள், கண்ணாடி போட்டவ, ஞாயிற்றுக்கிழமையில கோயிலுக்கு வெள்ளைச் சால்வை போட்டுக்கொண்டு போறவ. அப்பிடி ஒருத்தரும் இல்லையோ?

அப்ப அவ எங்க இருக்கிறா?

எனக்குக் கோபம் இல்லத் தங்கச்சி, சத்தம் கொஞ்சம் கூடிப்போச்சு. நீங்கள் இல்ல எண்டு சொன்னால் அவர் பொய்யர், அது எனக்கு நல்லது தான். ஆனா நீங்கள் இல்ல எண்டு சொன்னால் அவ இஞ்ச இல்ல. அதை நான் யோசிக்கேல்ல. மகளிட்டக் கேட்டால், அம்மா நல்லா இருக்கிறா, வெக்ஸ்போர்ட்டில ஒரு நல்ல இடம், அது காணும் உங்களுக்கு எண்டு சொல்லிப்போட்டு வைச்சிடுவாள். நானும் அதை நம்பிக்கொண்டு இருந்தனான். இரவில மேப்பைத் திறந்து, இந்தப் பக்கத்துத் தெருவையெல்லாம் பெரிசாக்கிப் பாத்துக்கொண்டிருப்பன். மேப்பில கூரை தான் தெரியும். ஆர் உள்ள இருக்கினம் எண்டு தெரியாது.

ஓம். நீலக்குடை எண்டது என்ர மனிசி தான். கிளடிஸ். சொல்லாமல் விட்டிட்டனோ? சொன்னனான் எண்டு நினைச்சன்.

சண்டை எண்டு பெரிசா ஒண்டும் இல்ல. அடிச்சதில்ல, குடிக்கிறதில்ல. நான் பிழையைப் பிழை எண்டு சொல்லுறனான், அவ்வளவு தான். அவ புரட்டாதியில ஒரு சூட்கேசும் குடையுமா வெளிக்கிட்டுப் போனவ. அண்டைக்கும் நான், ஏன் குடையைக் கொண்டு போறாய், இண்டைக்கு மழை இல்ல எண்டு தான் சொன்னனான். அவ குடையோடயே இறங்கிப் போனவ. அவ ரெக்ஸ்டேலுக்குப் போயிருக்கலாம் எல்லோ, தன்ர வழிகாட்டியின்ர பக்கம். போகேல்ல. என்ர ஏரியாவுக்குள்ள தான் வீடு எடுத்தவ. ஆனா கதவைப் பாத்தது அவர். நான் பாக்கேல்ல. முப்பது வருசத்துக்கு மேல அவவோட ஒரே கதவால போய் வந்த எனக்குத் தெரியாத ஒரு கதவை, அவர் போய் நிண்டு பாத்திருக்கிறார். அது தான் என்னைத் தின்னுது.

என்ன சொன்னனீங்கள்? திருப்பிச் சொல்லுங்கோ.

இருக்கு. கதவு இருக்கு. நீங்கள் என்னைச் சிற்றி ஆள் எண்டு நினைச்சு இல்ல எண்டனீங்கள். நான் தான் சொன்னனே, நான் சிற்றி இல்ல எண்டு. பரவாயில்ல, அழாதேங்கோ, ஏன் நீங்கள் அழுறியள். அப்ப அவ கீழ தான் இருக்கிறா. குடி வந்த அண்டைக்கு ஆர் கட்டிலைத் தூக்கினது? இரத்தினவேலோ? தன்ர மனிசியோடயோ வந்தவர்? ரெண்டு பேரும் சேந்து தான் தூக்கினவையோ. ஓ. வேற நாளில வந்தவரோ? வரேல்ல. அண்டைக்கு உள்ள இருந்து தேத்தண்ணி குடிச்சவரோ? நிண்டபடி. சரி. நிண்டபடி எண்டால் பரவாயில்ல.

அப்ப எழுதினதை அழிக்கிறன். அவர் பாத்தது உண்மை. சொல்ல வாய் கூசுது, ஆனா உண்மை. இதை ஏத்துக்கொள்ளுறன் எண்டு போடட்டோ? சட்டப்படி நானும் கண்ணால பாக்கோணும். இண்டு வரைக்கும் பாக்காமல் ஒண்டுக்கும் ஓம் எண்டு போட்டதில்ல, ஒரு வாங்குக்குக் கூட. நீங்கள் இருக்கு எண்டு சொல்லுறியள். அது காணும். இந்தா, அமத்திறன்.

போட்டாச்சு. அவவுக்கு மெசேஜ் போகும், அமிர்தநாதர் ஏத்துக்கொண்டார் எண்டு.

தங்கச்சி, ஒரு சத்தம் கேட்டதோ? கீழ, இந்த யன்னலுக்குள்ள. ரிங் எண்டு.

இல்ல, கூப்பிடாதேங்கோ. நீங்கள் உள்ள போங்கோ, அடுப்பில ஏதும் கிடக்கும். நான் எழும்புவன், கை தேவையில்ல. பக்கவாட்டால எண்டனீங்கள், எந்தப் பக்கத்தால, உந்தப் பைப் கிடக்கிற பக்கமோ? கம்பி இடப்பக்கம் தானே, அது எனக்குத் தெரியும்.